பெட்டியில் கிடந்த மெயில்

யாருக்கும் போய்ச் சேராத மெயில்களைப் படிப்பதுதான் பெட்டியக்காவின் வேலை. பதினோரு வருஷம் அதைச் செய்தாள். "வராத லெட்டரைப் படிக்க ஒரு ஆபீசு, அதுக்குக் கழுத்துல ஒரு அட்டை வேற" என்று வீட்டில் அவள் கணவர் கிண்டல் செய்வாராம். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். தன் வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறது, உன் லெட்டர் எங்கேயும் இறங்குவதில்லையே என்பது அவர் வாதம். மகளும் அப்பா கட்சிதான்.

அந்த வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அது மெயில் அனுப்ப ஆரம்பித்துவிடும். கணக்கு திறந்தாயிற்று, கடவுச்சொல்லை மாற்றிக்கொள், நாளைக் காலை மருத்துவரைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறது என்று ஓயாமல் அனுப்பும். அரைகுறையாக இருக்கிற அந்த மெயில்கள் வெளி உலகத்துக்குப் போய்விடக் கூடாது. அதனால் நடுவில் ஒரு பொய்த் தபாலாபீஸ் வைப்போம். யாருக்கு அனுப்பினாலும் எல்லாம் அங்கே ஒரே பெட்டியில் விழுந்துவிடும். அதைத் திறந்து பெயர் சரியா, தேதி சரியா, அழுத்தினால் போக வேண்டிய பக்கத்துக்குப் போகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அக்கா. நான் சர்வர் பார்க்கிறவன், பெட்டியை நட்டு வைத்தவன். என் மேஜையும் அவள் மேஜையும் முதுகோடு முதுகாக இருந்தன.

அவள் படிக்கும்போது உதடு அசையும். ஒரு நாளைக்கு இருநூறு மெயில் வந்தாலும் ஒன்றை விடமாட்டாள். நாற்காலியில் முதுகுவலிக்கு ஒரு தலையணை, பக்கத்தில் மூடி தொலைந்த ஒரு தண்ணீர் பாட்டில். கணினியில் அவளே உருவாக்கிய அறுபது பேர் குடியிருந்தார்கள். பெயர் எழுபது எழுத்து நீளம் கொண்ட ஒருவர், ஒற்றை எழுத்தில் பெயர் உள்ள ஒருத்தி, பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தவர், இரண்டு மனைவிக்கும் ஒரே விலாசம் கொடுத்த ஒரு மகானுபாவர். "நம்ம நீளப்பேருக்காரருக்கு இன்னைக்கும் பாதிப் பேரு வெட்டுப்பட்டுப் போச்சு தம்பி" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொல்வாள். அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் உண்டு.

அக்காவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. படிக்கிற ஒவ்வொரு மெயிலையும் தனக்கே வந்ததாக நினைத்துக்கொண்டு படிப்பாள். எங்களுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வேலை வந்தபோது அந்தப் பிடிவாதம் முற்றிவிட்டது. தீவிர சிகிச்சையில் இருக்கும் நோயாளிக்கு நிலைமை மோசமானால் வீட்டாருக்குப் போன் செய்ய அங்கே ஆள் போதவில்லை. இனி மெயில் போகும் என்று முடிவு செய்துவிட்டார்கள். 'உங்கள் உறவினரின் நிலை கவலைக்கிடமாக உள்ளது. உடனடியாக வரவும்.' இதன் கீழே, எங்கள் சேவையை மதிப்பிடுங்கள் என்று ஐந்து நட்சத்திரம். எல்லா மெயிலுக்கும் அடியில் வருகிற அச்சு, இதற்கும் வந்துவிட்டது. அந்த நட்சத்திரத்தை எடுக்க அக்கா இரண்டு வாரம் சண்டை போட்டாள்.

சண்டை எங்கள் மேலாளரோடு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். அவர் எழுதுகிற எல்லாவற்றின் தலையிலும் அந்தச் சொல் இருக்கும், கேண்டீன் நாற்காலி உடைந்ததற்குக்கூட.

"நட்சத்திரம் ஒரு பிரச்சினையா? அடுத்த மாசம் எடுத்துக்கலாம்" என்றார் அவசரம்.

"சாகக் கெடக்கிறாங்கன்னு சொல்லிட்டு எத்தன மார்க்கு போடுவீங்கன்னு கேக்குறோம் சார். உங்க வீட்டுக்கு இப்படி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"எங்க வீட்டுக்கு வராது. இது டெஸ்ட்."

நட்சத்திரத்தை எடுத்தார்கள். ஆனால் இதெல்லாம் போன் செய்து மனுஷக் குரலில் சொல்ல வேண்டிய சங்கதி என்று அவள் எழுதிய நீண்ட குறிப்பை யாரும் சீண்டவில்லை.

ஒப்படைக்கிற தேதி நெருங்கியபோது, அறுபது பேரை வைத்துக்கொண்டு என்ன பெரிய டெஸ்ட், ஆஸ்பத்திரியின் நிஜத் தரவையே நகலெடுத்து ஏற்று என்று அவசரம் என்னிடம் சொன்னார். விலாசங்களையாவது மாற்றிவிட்டு ஏற்று தம்பி என்றாள் அக்கா. பெட்டிதான் நடுவில் இருக்கிறதே, ஒன்றும் வெளியே போகாது என்றேன். அதே வாரம் எல்லாவற்றையும் ஒரு புதிய சர்வருக்கு மாற்றினேன். பெட்டிக்கு வழிகாட்டும் ஒரே ஒரு வரியைப் புதிய இடத்தில் எழுத மறந்துவிட்டேன். யார் மறந்தது என்று சுற்றி வளைக்க விருப்பமில்லை, நான்தான்.

மறுநாள் மதியம் அக்கா அந்தக் கவலைக்கிட மெயிலை ஓடவிட்டாள். ஓடவிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். புதுப்பித்தாள். மறுபடி புதுப்பித்தாள்.

"தம்பி, பெட்டி காலியா இருக்கு."

பெட்டியில் இல்லையென்றால் அது வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. நான் பாய்ந்து நிறுத்துவதற்குள் ஆறு நிமிஷம் ஓடிவிட்டது. எண்பத்து மூன்று மெயில். எண்பத்து மூன்று வீட்டில், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் சாகக் கிடக்கிறார் என்று சொல்லியாகிவிட்டது.

நிறுவனம் செய்ததெல்லாம், தொழில்நுட்பக் கோளாறுக்கு வருந்துகிறோம் என்று இன்னொரு மெயில் அனுப்பியதுதான். யாரும் போனில் பேசக் கூடாது, பேசினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். அக்கா எண்பத்து மூன்று எண்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டாள். அங்கே உட்கார்ந்து, தன் சொந்தப் போனிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். இரண்டு நாள் பிடித்தது. ஒரு பெண் அது பொய்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதாளாம். ஒருவர் போலீசுக்குப் போவேன் என்றார். பாதிப் பேர் காது கூசுகிற மாதிரி திட்டினார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "தப்பு எங்க மேலதான். அது நெசமில்ல" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

அறுபத்தோராவது ஆள் திட்டவில்லை. லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகள் அவர் போனில் மெயில் வந்தால் மணியடிக்கிற மாதிரி செய்துகொடுத்திருந்தாள். மணி அடித்ததும் வாடகை வண்டி பிடித்து ஓடியிருக்கிறார். லிஃப்டுக்காக நிற்கப் பொறுமையில்லாமல், தேய்ந்துபோன முட்டியோடு மூன்று மாடி ஏறியிருக்கிறார். மேலே அவர் மனைவி உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாளாம்.

"என்னப் பாத்துட்டு, நாலு மணிக்குத்தானே விடுவாங்க, இப்ப எதுக்கு வந்து நிக்கிறீங்க, அதுவும் சட்டைய உள்வெளியாத் திருப்பிப் போட்டுக்கிட்டுன்னு சத்தம் போட்டாம்மா" என்று போனில் சிரித்தாராம். "நாப்பத்திமூணு வருஷத்துல அவ திட்டி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்ல."

அக்கா அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரிடமும் சொன்னதையே அவரிடமும் சொல்லியிருந்தாள். "இந்த நம்பர் என்னோடது ஐயா. இனிமே எந்த மெயில் வந்தாலும் பதறாதீங்க. எனக்கு ஒரு போன் போடுங்க. எங்க டெஸ்டா, நெசமான்னு நான் பாத்துச் சொல்றேன்."

தடையை மீறிப் பேசியதற்காக அவளை மூன்று நாள் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அவள் மெயிலையும் முடக்கிவிட்டார்கள். ஒரு வரியை மறந்து இத்தனையையும் செய்த எனக்கு ஒரு எச்சரிக்கைகூட இல்லை. என்னை விசாரித்தால் நிஜத் தரவை ஏற்றச் சொன்னது யார் என்ற கேள்வி வருமே.

அந்த மூன்று நாளில்தான் மென்பொருள் ஆஸ்பத்திரியில் ஓடத் தொடங்கியது. பயந்துபோயிருந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். வெளியே போகிற நிஜ மெயில் ஒவ்வொன்றின் நகலும் எங்கள் ஆபீசில் விழ வேண்டும், தப்பாக ஏதாவது போனால் உடனே தெரிய வேண்டும் என்றார்கள். புதிதாக ஒரு பெட்டி நட நேரமில்லை என்றார் அவசரம். பழைய பெட்டியிலேயே விழும்படி செய்துவிட்டேன். நிஜ நகலுக்கு மட்டும் தலைப்பில் சிவப்பாக ஒரு அடையாளம் வைக்க வேண்டும் என்று நினைத்தேன், நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பெட்டியில் இனி நிஜ மெயில்களின் நகலும் இருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு மெயில் எழுதிப் போட்டேன். மெயில் முடக்கப்பட்டவள் அதை எப்படிப் படிப்பாள் என்று யோசிக்கவில்லை.

பதினோரு வருஷமாக அக்காவுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். பெட்டியில் விழுந்தது எதுவும் நிஜமில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுப்பாள்.

நான்காம் நாள் காலை வந்தாள். தலையணையைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அவள் மெயிலைத் திறந்துவிட்டிருந்தார்கள், படிக்காதது நானூற்றுச் சொச்சம் நின்றது, என்னுடையதும் அதற்குள் எங்கோ. "நம்ம அறுபது பேரும் சௌக்கியமா?" என்று என்னைக் கேட்டாள். சௌக்கியம் என்றேன். பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு இருந்தது. வாயைத் திறந்து சொன்னால் அரை நிமிஷம். அதற்குள் அவசரம் கண்ணாடி அறையிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டார். வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து போனேன். அந்த அரை நிமிஷத்தை நினைத்து நான் என்னை எத்தனை வைதாலும் ஆறவில்லை.

பத்தேகாலுக்கு லேத்துக்காரர் அவளுக்குப் போன் செய்திருக்கிறார். இது அவள் எனக்குப் பிறகு சொன்னது.

"மெயில் வந்திருக்கும்மா. அதே மாதிரிதான். உடனே வாங்கன்னு. ஆஸ்பத்திரிக்குப் போட்டா ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னே சொல்லிக்கிட்டிருக்கு, ஆள் எடுக்கல. நான் சட்டைகூட மாட்டிட்டேன். நீ பாத்துச் சொல்றேன்னியே."

"அப்படியே லைன்ல இருங்க ஐயா."

அவள் பெட்டியைத் திறந்து அவர் மனைவியின் பெயரைப் போட்டுத் தேடினாள். இருந்தது. பத்து மணி எட்டு நிமிஷத்துக்கு விழுந்தது. அதே வாசகம், நட்சத்திரம்கூட இல்லாமல், அவள் திருத்திக்கொடுத்த அதே வாசகம்.

"பெட்டியில கெடக்கு ஐயா. எங்க டெஸ்டுதான். பாவிங்க மறுபடி வெளிய விட்டுட்டாங்க. மன்னிச்சிடுங்க. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல."

"நெசமாவா?"

"நெசமா ஐயா. நான் கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"அப்பச் சரிம்மா. நாலு மணிக்கே போறேன். முன்னாடி போனா அதுக்கும் திட்டுவா."

போனை வைத்ததும் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறதோ என்ற பயம் வேறு. நேராகக் கண்ணாடி அறைக்கு வந்து கதவைத் தட்டினாள். உள்ளே ஆஸ்பத்திரிக்காரர்கள் இருந்தார்கள். அவசரம் எழுந்து கதவை ஒரு சாண் திறந்து, "பிறகு" என்று சொல்லிவிட்டுச் சாத்தினார். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. வருகிறேன், வருகிறேன் என்று கையைக் காட்டினேன். தப்பான மெயில் போகாமல் காவல் வைத்திருக்கிறோம் என்று அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே வர பன்னிரண்டரை ஆயிற்று. அக்கா அறை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"திரும்பவும் வெளிய விட்டிருக்கீங்க. அந்த லேத்துக்காரர் வீட்டுக்கே மறுபடி போயிருக்கு. பெட்டியிலயும் கெடக்கு, அங்கயும் போயிருக்கு. ஒண்ணு இங்க விழணும், இல்ல அங்க போகணும். ரெண்டும் எப்படிடா நடக்கும்?"

என் முகத்தைப் பார்த்தே அவள் குரல் இறங்கிவிட்டது.

"என்ன தம்பி?"

"நகல் விழுது அக்கா. நெச மெயிலோட நகல். மூணு நாளா." பிறகு சொன்னேன் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "நான் மெயில் போட்டிருந்தேனே அக்கா."

அவள் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து லேத்துக்காரரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. மறுபடி, மறுபடி. ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் அறைக்குள்ளேதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவர்களில் ஒருவர் கையைப் பிடித்து, உங்கள் ஆட்களிடம் இந்த நோயாளியைப் பற்றிக் கேளுங்கள் என்றாள். அவசரம் ஏதோ சொல்ல வந்தார். "வாயை மூடுங்க சார்" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்காரர் கேட்டுச் சொன்னார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடிந்துவிட்டதாம். கடைசி வரை நினைவு இருந்ததாம். வீட்டாருக்கு மெயில் போயிருக்கிறது, யாரும் வரவில்லை என்று குறித்து வைத்திருக்கிறார்களாம்.

பெட்டியில் நகல் விழும் தகவல் முறைப்படி மெயிலில் தெரிவிக்கப்பட்டது, ஊழியர்தான் படிக்கவில்லை என்று பிற்பாடு விசாரணையில் எழுதி அக்காவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். என் மெயிலைத்தான் சாட்சியாக வைத்தார்கள். இது நீங்கள் எழுதியதுதானா என்று கேட்டார்கள், ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன். அது பிறகு நடந்தது. அன்று மதியம் அவளுக்கு வேலையைப் பற்றிய நினைப்பே இல்லை. விலாசத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, "வண்டிய எடு தம்பி" என்றாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து அவருக்குச் சொல்லிடுவாங்க அக்கா" என்றேன்.

"எப்படிச் சொல்லுவாங்க? மெயில்லயா?"

பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்து வழி சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு தையல் கடைக்கும் சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கும் நடுவே குறுகலான படி. முதல் மாடி. இரண்டு முறை தட்டிய பிறகு கதவு திறந்தது. கன்னத்தில் தலையணைத் தடம் பதிந்த ஒரு மனிதர், பனியனோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். மாட்டிக் கழற்றிய சட்டை பின்னால் நாற்காலி முதுகில் தொங்கியது.

"யாரும்மா?"

"மெயில் பாத்துச் சொன்னேனே ஐயா. நான்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீயா? வா, உள்ள வா. தம்பியும் வாங்க. போனை அந்த ரூம்ல வச்சிட்டுப் படுத்திட்டேன், அடிச்சியோ?" நாற்காலியில் இருந்த சட்டையை எடுத்து, உட்காரச் சொல்லி இடம் பண்ணினார். "நீ சொன்னதும் மனசு லேசாயிடுச்சும்மா. வயிறாரச் சாப்பிட்டேன். ரெண்டு மாசத்துல இன்னைக்குத்தான் தூக்கம்னு ஒண்ணு தூங்கியிருக்கேன். அவகிட்ட சொல்லணும்."

அக்கா உட்காரவில்லை.

"ஐயா, நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்த மெயில் நெசம்."

அவர் சட்டையைக் கையில் வைத்தபடி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான்தான் ஐயா, இவங்க இல்ல என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

"மோசமா இருக்காளா?"

"இல்ல ஐயா." அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போயிட்டாங்க. பன்னெண்டுக்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னாடி."

கீழே சைக்கிள் கடையில் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர், பட்டறையில் அளவெடுத்துப் பழகியவர் கணக்குப் பார்க்கிற தோரணையில், மெதுவாகக் கேட்டார்.

"நான் உனக்குப் போன் போட்டது பத்தேகால்."

"ஆமா ஐயா."

"வண்டி புடிச்சா முக்கா மணி நேரம். மாடி ஏற ஒரு பத்து நிமிஷம்." அவர் நிமிர்ந்தார். "நான் அப்பவே கெளம்பியிருந்தா அவளைப் பாத்திருப்பேனாம்மா?"

ரொம்ப மோசமாகத்தான் ஐயா இருந்தார்கள், போனாலும் நினைவு இருந்திருக்காது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"பாத்திருப்பீங்க ஐயா" என்றாள் அக்கா.